புனித சவேரியாரின் சொந்த ஊர்



நம் பங்கின் யூபிலியை முன்னிட்டுக் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்க வீடு வீடாக வந்தபோது, மற்றக் கட்டங்களெல்லாம் எளிதில் நிரம்பின. ஒரே ஒரு கட்டத்தில்தான் பேனா நின்றது. ‘சொந்த ஊர்’ என்னும் கட்டம் அது. துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் மீஞ்சூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு வந்தவர்கள் மணப்பாடு என்றும் உவரி என்றும் கோட்டாறு என்றும் சொன்னார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள், எனக்கு எழுதத் தெரியாத ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சிரித்தார்கள். காட்டுப்பள்ளியிலேயே பிறந்து, துறைமுகம் வந்தபோது வேறிடத்தில் குடியமர்த்தப்பட்ட ஒரு பாட்டியம்மா, கடலோரத்தில் இருந்த பழைய குப்பத்தின் பெயரையே எழுதச் சொன்னார். இன்று அங்கே அவருக்கு வீடு இல்லை. வலை காயப்போட்ட மணலும் இல்லை. ஆயினும் அவர் சொன்னபடியே எழுதினேன்.

இன்னொன்றும் கண்டேன். பிழைப்புக்காக வந்திருக்கிறோம், என்றாவது ஒருநாள் போய்விடுவோம் என்று பலர் சொன்னார்கள். ஆகவே இங்கே அன்பியத்தில் சேரவோ, கோயில் காரியத்தில் தோள் கொடுக்கவோ, அண்டை வீட்டாரிடம் மனம்விட்டுப் பழகவோ அவர்களுக்குத் தயக்கம். ஊர் மாறியவனுக்கு எந்த ஊரில் மனம் வைப்பது என்பது சிறிய கேள்வி அன்று. அதற்கு விடை தேடியபோது என் நினைவுக்கு வந்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அவருடைய புதுமைகளைப் பல முறை கேட்டிருக்கிறீர்கள். இங்கே அவர் வாழ்ந்த ஊர்களை மட்டும் வரிசையாகப் பார்ப்போம்.

கோபுரம் இடிந்த வீடு

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் இருந்த நவார் என்னும் சிற்றரசில், சவியேர் கோட்டையில் பிறந்தார். அவ்வூர்ப் பெயரே அவருக்குப் பெயராயிற்று. பாஸ்கு என்னும் அந்நாட்டு மொழியில் புது வீடு என்பது அப்பெயரின் பொருள். தந்தை அரசருடைய ஆலோசனைச் சபையின் தலைவர். வசதியான குடும்பம், கடைசிப் பிள்ளை என்பதால் செல்லமும் மிகுதி.

அந்த வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1512இல் நவார் நாடு காஸ்தீலிய அரசின் வசமாயிற்று. 1515இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு, எதிர்ப்பாளரின் கோட்டைகளை இடிக்கும்படி ஆணை வந்தது. சவியேர் கோட்டையின் கோபுரங்கள் தரைமட்டமாயின; அகழி தூர்க்கப்பட்டது. அப்போது சவேரியாருக்கு வயது 10. பிறந்த வீட்டை வேலையாட்கள் வந்து இடிப்பதைப் பார்த்து நின்ற பிள்ளையின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை, நம் பங்கில் சில குடும்பங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாரிசு முதல் லிஸ்பன் வரை

1525இல் படிப்புக்காகப் பாரிசு நகருக்குச் சென்ற சவேரியார், பிறகு தம் வீட்டில் வாழவில்லை. 1529இல் தாயார் மரித்தபோது அவர் பாரிசில் மாணவர். புனித பார்பரா கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் பீட்டர் ஃபேபரும் இலொயோலா இஞ்ஞாசியாரும் ஆவர். இஞ்ஞாசியாரைச் சவேரியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. 1521இல் நடந்த போரில் சவேரியாரின் அண்ணன்மார் எந்தப் பக்கம் நின்றார்களோ, அதற்கு எதிர்ப்பக்கம் நின்று பம்ப்லோனாக் கோட்டையில் குண்டடி பட்டவர் இஞ்ஞாசியார். பகைநாட்டுக்காரராகத் தெரிந்த அந்த மனிதரே நாளடைவில் அவருக்குத் தந்தையும் தமையனும் ஆனார். 1534 ஆகஸ்ட் 15ஆம் நாள், மோன்மார்த்ர் குன்றிலுள்ள சிற்றாலயத்தில் எழுவர் கூடி இறைவனுக்கு வாக்குக் கொடுத்தனர். இயேசு சபைக்கு அதுவே வித்து.

1537 ஜூன் 24ஆம் நாள் வெனிஸ் நகரில் சவேரியார் குருப்பட்டம் பெற்றார். அங்கே தீராத நோயாளிகளின் மருத்துவமனையில் புண்களைக் கழுவிப் பணி செய்தார். 1540இல் போர்த்துக்கல் அரசர் இந்தியாவுக்குக் குருக்கள் வேண்டுமெனக் கேட்டபோது, அனுப்பப்பட இருந்தவர் சவேரியார் அல்லர். பொபதில்யா என்னும் தோழர். அவர் நோயில் விழவே, இஞ்ஞாசியார் சவேரியாரை அழைத்துச் செய்தியைச் சொன்னார். சவேரியார் உடனே சம்மதித்தார். கிழிந்த உடைகளைத் தைத்துக்கொண்டு ஓரிரு நாளில் உரோமையை விட்டுப் புறப்பட்டார். இஞ்ஞாசியாரை மீண்டும் காணும் பேறு இவ்வுலகில் அவருக்குக் கிட்டவில்லை.

1541 ஏப்ரல் 7ஆம் நாள், தமது 35ஆவது பிறந்த நாளில், லிஸ்பனில் கப்பல் ஏறினார். கடல் நோயிலும் காய்ச்சலிலும் பயணிகள் துவண்டனர். தாமும் நோயுற்றிருந்தும் அவர்களைக் கவனித்தார். மொசாம்பிக்கில் பல மாதம் தங்க நேர்ந்தது. பின்பு சொக்கோத்ரா தீவில், தங்களைப் புனித தோமாவின் மக்கள் என்று சொல்லிக்கொண்ட எளிய கிறிஸ்தவர்களைக் கண்டார். அவர்கள் அவரை விடவில்லை. அவருக்கும் அங்கேயே தங்கிவிட ஆசை. ஆளுநர் அனுமதி மறுத்ததால் மனவருத்தத்தோடு கப்பல் ஏறினார். பார்த்த இடத்தில் மனம் ஒட்டிக்கொள்வதும், ஒட்டிய மனத்தைப் பிரித்துக்கொண்டு போவதும் அவர் வாழ்வில் அன்று தொடங்கிக் கடைசிவரை நடந்தன.

முத்துக்குளித்துறை

1542 மே 6ஆம் நாள் கோவாவை அடைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நம் தமிழ்க் கடற்கரைக்கு வந்தார். அங்கிருந்த பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தும், தங்கள் மொழியில் அவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சவேரியார் தமிழ் அறியாதவர். தூத்துக்குடியில் இருமொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி, நாட்கணக்கில் உட்கார்ந்து செபங்களை மொழிபெயர்த்தார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருவில் இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டினார். எழுதத் தெரிந்தவர்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. பின்னால் வந்த அன்றிக்கு அடிகளார் அவற்றைத் திருத்தினார். ஆனால் பிழைபட்ட தமிழில் அவர் சொன்ன செபத்தை மக்கள் ஏளனம் செய்யவில்லை. தங்கள் மொழியைக் கற்கப் பாடுபட்டவரை அவர்கள் தங்களவர் என்றே கொண்டார்கள்.

மணப்பாட்டுக் குகையில் அவர் செபித்தார் என்பதை அவ்வூர்க்காரர் நம்மிடம் பெருமையோடு சொல்வார்கள். தாம் ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குச் செல்லுமுன் அங்கே செபம் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமிப்பார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று அக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தையே அதற்காகக் கேட்டுப் பெற்றார்.

1544இல் வடுகர் படை குமரிமுனைப் பக்கம் புகுந்தபோது, மக்கள் வீடுகளை விட்டுக் கடலிலுள்ள பாறைகளில் ஏறி நின்றனர். பசியாலும் தாகத்தாலும் சிலர் மடிந்தனர். சேதி கேட்ட சவேரியார் 20 தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று எட்டு நாள் அவரைக் கடலிலேயே நிறுத்தியது, திரும்ப வேண்டியதாயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. கரைவழியே நடந்து குமரிமுனை சேர்ந்து, வீடிழந்தவர்களைத் தேற்றினார். அவர்களுக்கு உதவும்படி மற்ற ஊர்த் தலைவர்களை ஏவினார். துணைவர் மான்சிலாசுக்கு அந்நாட்களில் எழுதிய மடல்களில், மக்களிடம் பொறுமை காட்டும்படியும், குறைகளைக் கண்டு வெறுக்காமல் தந்தைபோல் அன்பு செய்யும்படியும் திரும்பத் திரும்ப வேண்டினார். அவ்வாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000க்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்தார்.

மயிலாப்பூரில் நான்கு மாதம்

1545இல் அவர் நம் பக்கம் வந்தார். காட்டுப்பள்ளி வரை வந்தார் என்று நாம் உரிமை கொண்டாட வேண்டாம். ஆனால் நம் கரையின் தொடர்ச்சியிலேயே உள்ள மயிலாப்பூரில் ஏறத்தாழ நான்கு மாதம் தங்கினார். பழவேற்காட்டில் அந்நாளிலேயே போர்த்துக்கீசிய வணிகர் குடியிருந்தனர். வணிகக் கப்பல்கள் இக்கரையோரமாகப் போய்வந்த காலம் அது.

மயிலாப்பூரில் பங்குக் குருவின் இல்லத்தில் தங்கி, பகலில் மக்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். இரவில் புனித தோமாவின் கல்லறை அருகே செபத்தில் இருந்தார். அப்போது அவர் மனத்தில் பெரிய போராட்டம். முத்துக்குளித்துறை மக்களை அவர் உயிராய் நேசித்தார். அங்கே திரும்பிப் போகலாம். கீழ்த்திசையிலோ மக்காசர் தீவில் நற்செய்தி கேட்க மக்கள் காத்திருப்பதாகச் செய்தி வந்திருந்தது. நேசித்த ஊரா, காணாத ஊரா? இக்கேள்வியோடு அவர் அப்போஸ்தலரின் கல்லறையில் முழந்தாளிட்டார். தோமாவும் கலிலேயாவை விட்டு இவ்வளவு தூரம் வந்து, வந்த மண்ணிலேயே இரத்தம் சிந்தியவர் அன்றோ? மே மாதம் 8ஆம் நாள் மயிலாப்பூரிலிருந்து கோவாவிலுள்ள குருக்களுக்கு எழுதிய மடலில், கிழக்கே போவதே இறைவனுடைய திருவுளம் எனத் தெளிந்து மன ஆறுதல் பெற்றதாகத் தெரிவித்தார். ஆகஸ்டு இறுதியில் மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

இந்த முடிவால் முத்துக்குளித்துறையை அவர் மறந்தாரா? இல்லை. 1548இல் திரும்பி வந்து அம்மக்களைப் பார்த்தார். அங்கே பணிசெய்த குருக்களைக் கூட்டி, ஒவ்வோர் ஊரையும் எவ்வாறு கவனிக்க வேண்டும் என்று வழிமுறைகள் வகுத்துக் கொடுத்தார்.

நள்ளிரவில் புறப்பட்டவர்

மலாக்காவில் செபங்களை மலாய் மொழியில் ஆக்கினார். 1546 பிப்ரவரியில் அம்போன் தீவை அடைந்தார். ஐரோப்பாவிலுள்ள தோழர்களை அவர் எவ்வளவு நினைத்திருந்தார் என்பதற்கு அங்கிருந்து எழுதிய மடல் சான்று. அவர்கள் கடிதங்களில் இட்டிருந்த கையொப்பங்களை வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து, எப்போதும் உடலோடு அணிந்திருப்பதாக அதில் தெரிவித்தார். வீடு வாசல் துறந்த துறவி தோழர்களைத் துறக்கவில்லை.

மோரோ தீவுகளுக்கு அவர் போகக் கூடாதென்று நண்பர்கள் தடுத்தனர். எரிமலையும் நிலநடுக்கமும் உள்ள இடம். உணவில் நஞ்சு வைக்கும் பழக்கம் அங்கே உண்டு என்று சொல்லி, நச்சுமுறி மருந்து கொடுத்தனர். மருந்தை வாங்காமல் போனார். ஆபத்து மிகுந்த அந்தத் தீவுகளில் பெற்ற ஆன்ம ஆறுதலை வேறெங்கும் பெற்றதில்லை என்று பின்னால் எழுதினார். கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கையின் பெயரையே அத்தீவுகளுக்குச் சூட்டலாம் என்றார். நாம் விரும்பி நினைக்கும் ஊர்கள் பெரும்பாலும் வசதியாக இருந்த ஊர்கள். அவர் விரும்பி நினைத்ததோ வசதியே இல்லாத ஊர்.

தெர்னாத்தே தீவை விட்டுப் புறப்பட்டபோது நடந்தது என் மனத்தை மிகவும் தொட்டது. மக்கள் அழுவார்கள், தம்மாலும் தாங்க முடியாது என்று அஞ்சி, நள்ளிரவில் கப்பல் ஏறினார். அப்படியும் தப்ப முடியவில்லை. அன்பர்கள் கண்ணீரோடு துறைக்கு வந்துவிட்டனர். தம் ஆன்மப் பிள்ளைகளைப் பிரியும் அவ்விரவின் வேதனையை அவரே மடலில் ஒப்புக்கொண்டார். மாற்றல் ஆணை வந்து ஒவ்வொரு பங்கையும் விட்டுப் போகையில், முதல் திருப்பலிக்கு முன்பே பெட்டியை வண்டியில் ஏற்றிவிட நானும் முயன்றதுண்டு. ஒருமுறைகூட முடிந்ததில்லை. புனிதருக்கே முடியாதது எனக்கு எப்படி முடியும்?

சப்பானும் கடைசித் தீவும்

1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் சப்பானியரைச் சந்தித்தார். 1549 ஆகஸ்டு 15ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்பு விழாவன்று, அவரோடு ககோஷிமாவில் இறங்கினார். 43 வயதில் மீண்டும் குழந்தைபோல் ஒரு புது மொழியைக் கற்கத் தொடங்கினார். குளிர்காலத்துப் பனியில் நடந்து தலைநகர் மியாக்கோ சென்றார். அரசரைக் காண முடியாமல் 11 நாளில் திரும்பினார். யாமகுச்சியில் பலன் கிடைத்தது. ஏறத்தாழ 500 பேர் திருமுழுக்குப் பெற்றனர். கேள்விமேல் கேள்வி கேட்ட அம்மக்களின் அறிவு அவரை மகிழ்வித்தது. தாம் கண்ட புதிய மக்களில் அவர்களே சிறந்தவர்கள் என்று பாராட்டி எழுதினார். அங்கேயே இருந்துவிட ஆசையிருந்தும், சப்பானியர் மதித்த சீன நாட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று துணிந்து, 1551 நவம்பரில் புறப்பட்டார்.

மலாக்கா அவர் பலமுறை வந்து தங்கிய ஊர். பகல் தெருவிலும் இரவு மருத்துவமனையிலும் உழைத்த ஊர். 1552இல் அதே ஊரில் அவருக்கு அவமானம் நேர்ந்தது. சீனத்துக்குத் தூதராகச் செல்லவிருந்த நண்பர் தியோகோ பெரைராவை, கடல்தளபதியான வாஸ்கோடகாமாவின் மகன் தடுத்துவிட்டார். வேதனையோடு, தூதர் இல்லாமலே சவேரியார் புறப்பட்டார். நேசித்த ஊர் எல்லா நாளும் நம்மை நேசிக்கும் என்பதில்லை. இது கசப்பான பாடம். அவருக்கும் அது விலக்கப்படவில்லை.

சீனக் கரைக்கு எதிரே உள்ள சாஞ்சியன் தீவில், தம்மை அக்கரை சேர்ப்பதாக ஒப்புக்கொண்ட வணிகரின் படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. குளிர்க் காய்ச்சல் வந்தது. ஓலைக்குடிசையில் அந்தோனி என்னும் சீன இளைஞரும் இந்தியப் பணியாள் ஒருவரும் மட்டுமே அருகிலிருந்தனர். 1552 டிசம்பர் 3ஆம் நாள் விடியுமுன் உயிர் துறந்தார். வயது 46.

அந்தோனி பின்னால் ஒரு செய்தியைச் சொன்னார். காய்ச்சல் வேகத்தில் சவேரியார் தமக்குப் புரியாத மொழியில் பேசினாராம். அது தாயிடம் கற்ற பாஸ்கு மொழியாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். தமிழிலும் மலாயிலும் சப்பானிய மொழியிலும் செபம் சொல்லிக்கொடுத்த நாவு, கடைசியில் இடிந்துபோன அந்த வீட்டின் மொழிக்குத் திரும்பியது போலும்! இதை எண்ணும்போது பழைய குப்பத்தின் பெயரை எழுதச் சொன்ன பாட்டியம்மாவை நினைக்கிறேன். பிறந்த மண்ணை மனத்தில் சுமப்பது பலவீனம் ஆகாது, புனிதரும் சுமந்தார்.

அவர் உடலுக்கும் ஓரிடம் அமையவில்லை. முதலில் சாஞ்சியன் மணலில், பின்பு 1553இல் மலாக்காவில் அடக்கம் செய்யப்பட்டது; 1554 மார்ச் 16ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தது. அங்கே 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை அத்திருவுடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1622இல் திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. 1927இல் குழந்தை இயேசுவின் தெரேசாளோடு மறைபரப்புப் பணிக்குப் பாதுகாவலர் ஆக்கியது. மடத்தை விட்டு வெளியே போகாத கன்னியர் ஒருவரும், ஓரிடத்தில் தங்காத குரு ஒருவரும் சேர்ந்து அப்பணிக்குப் பாதுகாவலர்கள்! இருக்கிற இடத்தில் முழு மனத்தோடு இருந்தார்கள் என்பதே இருவருக்கும் பொது.

நம் பதிவேட்டுக்கு வருவோம்

அன்பர்களே, சவேரியார் ஆசியாவில் வாழ்ந்தது பத்தரை ஆண்டு மட்டுமே. போய்விடத்தானே போகிறோம் என்று எண்ண அவரைவிட உரிமையுள்ளவர் யார்? ஆயினும் எந்த ஊரையும் அவர் தங்குமடமாக நடத்தவில்லை. சில மாதமே இருந்த இடத்திலும் மொழியைக் கற்றார். பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தார். தமக்குப் பின் அந்த வேலையைச் செய்ய ஓர் ஆளை ஏற்படுத்திவிட்டே போனார். புது ஊரை நேசித்ததால் பழைய ஊர்மேல் அவருக்கிருந்த அன்பு குறையவுமில்லை.

மே மாதம் ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களே, மகிழ்ச்சியோடு போய்வாருங்கள். வேளாங்கண்ணிக்கும் மணப்பாட்டுக்கும் கோட்டாற்றுக்கும் வண்டி கட்டுங்கள். அங்கே எனக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். ஆனால் வாடகை வீட்டுக்கும் ஒரு தெரு உண்டு, அந்தத் தெருவில் உங்களைத் தேடும் ஒரு நோயாளி உண்டு என்பதை மறக்க வேண்டாம். பழைய குடிகளே, மண்ணை இழந்த வலி உங்களுக்கு உண்டு. அந்த வலியோடுதான் வேற்று மாநிலப் பிள்ளைகளும் கோயிலின் பின்வரிசையில் வந்து நிற்கிறார்கள். இந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் சவேரியார் திருநாளன்று, திருப்பலிக்குப் பின் அவர்கள் உங்களோடு பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பது என் ஆசை.

பதிவேட்டில் ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தை நீக்கப்போவதில்லை. அதன் கீழே இன்னொரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அடுத்த முறை வீடு மந்திரிக்க வரும்போது, காட்டுப்பள்ளி என்றும் சேர்த்து எழுதச் சொல்வீர்களானால், அதுவே இந்த யூபிலியில் எனக்குக் கிடைக்கும் பரிசு. புனித சவேரியார் நம் பங்குக்காகப் பரிந்து பேசுவாராக.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை